குஸ்கோவில் அண்ணனோடு ஏழு நாள்

ஜூன் 14, சனி

விமானத்தை விட்டு இறங்கி நூறு அடிகூட நடந்திருக்க மாட்டேன், மூச்சு வாங்கியது. நெஞ்சில் யாரோ கல்லை ஏற்றி வைத்த மாதிரி இருந்தது. தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். பெரு நாட்டின் குஸ்கோ இருப்பது 3,400 மீட்டரில். அத்தனை உயரத்தில் பஸ், பள்ளிக்கூடம், சந்தை, மாதா கோயில் என்று ஒரு முழு நகரமே நடக்கிறது.

என்னோடு வந்திருப்பவர் அண்ணன். என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். சின்ன வயதில் அப்பாவோடு மரக்காணம் உப்பளத்தில் பாத்தி மிதித்தவர், இப்போது ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஹூஸ்டனுக்கு என்னைப் பார்க்க வந்தவரிடம் எங்கே போகலாம் என்று கேட்டேன். "மாடி மாடியா கட்டடம் காட்டாத பாப்பா, மண்ணு தெரியிற ஊரா காட்டு" என்றார். அதனால் பெரு.

தங்கிய வீட்டம்மா கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய், வெந்நீரில் கோகா இலை போட்டு எடுத்து வந்தார். வைக்கோலும் தேயிலையும் கலந்த மாதிரி ஒரு வாசம், அடியில் லேசான கசப்பு. இங்கே அந்த இலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நாள் முழுவதும் மலையில் வேலை செய்கிறார்கள். அண்ணனும் நாலு இலையை வாங்கி வெற்றிலை மாதிரி ஒதுக்கிக்கொண்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறு மணிக்கு எனக்குத் தலை பிளந்தது. எட்டு மணிக்கு வாந்தி.

நடு இரவில் வீட்டம்மா தானாகவே வந்து கதவைத் தட்டினார். பக்கத்து அறையில் என் சத்தம் கேட்டிருக்கிறது. கையில் முன்யா என்ற மலைச் செடி போட்ட கஷாயம். புதினாவையும் ஓமத்தையும் சேர்த்துக் கசக்கிய வாசம். ஒரு வாசனைத் தண்ணீரை என் உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்து முகரச் சொன்னார். "மமீத்தா, மெதுவா, மெதுவா" என்று முதுகைத் தடவினார். அந்த 'மமீத்தா' நம் 'அம்மாடி'யேதான். அறையில் ஹீட்டர் கிடையாது, வெளியே பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிர். மூன்று கம்பளிகளின் கனத்துக்கு அடியில் விடிகாலையில்தான் தூங்கினேன்.

(போகிறவர்களுக்கு ஒன்று: கோகா இலை பெருவில் சட்டப்படி விற்பது. அமெரிக்காவுக்குள் அதன் தேநீர்ப் பைகூடக் கொண்டுவர முடியாது. பையை ஒரு முறை உதறிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.)

ஜூன் 15, ஞாயிறு

இன்று மெதுவாகத்தான் நடந்தோம். பத்து மணிக்கெல்லாம் வெயில் தோலைச் சுட்டது, நிழலுக்குப் போனால் ஸ்வெட்டர் வேண்டியிருந்தது. ஒரே தெருவில் இடப்பக்கம் கோடை, வலப்பக்கம் மார்கழி.

பணம் மாற்றப் போன இடத்தில் என் நூறு டாலர் நோட்டைத் திருப்பித் தந்துவிட்டார்கள். ஓரத்தில் அரிசி நீளத்துக்கு ஒரு கிழிசல், அவ்வளவுதான். நாலு கடை ஏறி இறங்கினோம், நாலிலும் அதே பதில். கிழிந்த நோட்டை இங்கே யாருமே தொடுவதில்லை. கையிலிருந்த சில்லறை டாலரை மாற்றிக்கொண்டு சமாளித்தோம். பெருவின் பணம் சோல். ஒரு சோல் அப்போது நம் பணத்துக்கு சுமார் 24 ரூபாய்.

ஆத்துன் ருமியோக் என்ற சந்தில் பன்னிரண்டு மூலைக் கல்லைப் பார்த்தோம். ஒரே கல்லில் பன்னிரண்டு கோணம், சுற்றியுள்ள கற்கள் ஒவ்வொரு கோணத்திலும் வந்து கச்சிதமாக உட்கார்ந்திருக்கின்றன. இடையில் சுண்ணாம்பு, காரை எதுவும் கிடையாது. 2025 பிப்ரவரியில் ஒருவன் இதைக் கருவியால் அடித்துப் பல இடத்தில் சில்லு பெயர்த்துவிட்டான். ஐநூறு வருஷத்துக்கு மேல் நின்ற கல்லில் அந்த வெள்ளைத் தழும்பைப் பார்த்ததும் மனசு ஆறவில்லை.

பிறகு கொரிக்காஞ்சா. ஸ்பானியர் வருவதற்கு முன் இங்கே ஆண்ட இன்கா அரசர்களின் சூரியன் கோயில். சுவரில் தங்கத் தகடு பதித்திருந்தார்கள். ஸ்பானியர் வந்து அதை உரித்து எடுத்துக்கொண்டு, கோயிலின் மேலேயே சாந்தோ தொமிங்கோ மடத்தைக் கட்டினார்கள். 1950 மே மாதம் பெரிய நிலநடுக்கம் வந்தபோது மடத்தின் பெரும் பகுதி சரிந்தது, அடியிலிருந்த இன்கா சுவர் அப்படியே நின்றது. சுவர்கள் உள்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கின்றன. வாசல்கள் கீழே அகலம், மேலே குறுகல். கட்டியவர்களுக்கு இந்த மண் ஆடும் என்று தெரிந்திருக்கிறது.

அண்ணன் ஒரு இணைப்பில் நகத்தை வைத்துப் பார்க்கப் போனார். காவலுக்கு நின்ற பெண் தலையை மட்டும் இடமும் வலமும் அசைத்தாள். அவர் கையை எடுத்துக்கொண்டு கும்பிட்டார். அவளும் பதிலுக்குக் கும்பிட்டாள்.

ஜூன் 16, திங்கள்

சான் பெட்ரோ சந்தையிலேயே பாதி நாள் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

பழச்சாறு விற்கும் பெண்கள் வரிசையாக உயரமான மேடையில் உட்கார்ந்து "கசேரீத்தா" என்று கையசைத்துக் கூப்பிடுகிறார்கள். வாடிக்கைக்காரரும் கடைக்காரரும் ஒருவரையொருவர் கூப்பிடுவது ஒரே சொல்லால்தான். எட்டு சோலுக்கு ஒரு பெரிய கிளாஸ் ஆரஞ்சும் கேரட்டும் குடித்து முடித்தோம். மிக்ஸியில் மீதியிருந்ததை அந்த அம்மா கேட்காமலே மறுபடி ஊற்றினார். "யாபா" என்றார். என்னவென்று விசாரித்துச் சொன்னதும் அண்ணனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "கொசுறு! நம்ம கடையில நான் குடுக்கிறதுதான்" என்றார். அதன் பிறகு உருளைக்கிழங்கு, ரொட்டி, சீஸ் எது வாங்கினாலும் "யாபா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார். கேட்ட இடத்தில் எல்லாம் கொடுத்தார்கள்.

கிழங்குக் கடையில் ஊதா, கறுப்பு, மஞ்சள், விரல் போல நீண்டது, பைன் காய் மாதிரி கண் கண்ணாகப் புடைத்தது என்று குவித்து வைத்திருந்தார்கள். உருளைக்கிழங்கு பிறந்த மலை இது. பெருவில் மட்டும் ஆயிரக்கணக்கான நாட்டு வகைகள் உண்டு. ஒரு மூட்டையில் கூழாங்கல் போல வெள்ளையும் சாம்பலுமாக ஏதோ கிடந்தது. கையில் எடுத்தால் தக்கை கனம். அதுவும் உருளைக்கிழங்குதான், சூன்யோ என்று பெயர். ஜூன், ஜூலை மாத உறைபனி இரவுகளில் கிழங்கை வெட்டவெளியில் பரப்பிவிடுகிறார்கள். இரவில் உறையும், பகல் வெயிலில் இளகும். அதைக் காலால் மிதித்து நீரைப் பிழிந்து மறுபடி காயப்போடுகிறார்கள். இப்படிச் சில நாள் செய்தால் வருஷக்கணக்கில் கெடாத வத்தல். நாம் வெயிலை மட்டும் வைத்து வத்தல் போடுகிறோம், இவர்கள் பனியையும் சேர்த்து வேலை வாங்குகிறார்கள். சூப்பில் ஊறிய சூன்யோவைச் சாப்பிட்டுப் பார்த்தேன். மண் வாசமும் லேசான புளிப்பும். இரண்டாவது கிண்ணம் கேட்கத் தோன்றவில்லை. ஆனால் இந்தக் குளிரில் அடுத்த அறுவடை வரைக்கும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும் சாப்பாடு அது, மரியாதையோடு முழுவதும் சாப்பிட்டேன்.

ஒரு மூலையில் வறுத்த வேர்க்கடலை. எங்கள் பக்கம் அதற்கு மல்லாட்டை என்று பெயர். மணிலா வழியாக நம்மிடம் வந்ததால் மணிலாக்கொட்டை, அது தேய்ந்து மல்லாட்டை. மணிலாவுக்கு முன்னால் அது இந்தத் தென்னமெரிக்க மண்ணின் பயிர். பக்கத்துக் கடையில் ரொகோத்தோ மிளகாய், தக்காளி மாதிரி உருண்டை, உள்ளே விதை கறுப்பு. மிளகாயும் உருளையும் தக்காளியும் கடலையும் இந்தக் கண்டத்திலிருந்து வராமல் போயிருந்தால் அம்மாவின் சமையல் எப்படி இருந்திருக்கும் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடந்தோம். மிளகு ரசமும் மீனும்தான் மிஞ்சியது.

மாலையில் நகரத்துக்கு மேலே சக்சாய்வாமன். அங்கே நுழைய ஒரு நாள் சீட்டு தனியாக வாங்காமல், பத்து நாளுக்குப் பல இடங்களுக்கும் செல்லும் 130 சோல் சீட்டு வாங்கினோம். ரம்பப் பல் மாதிரி வளைந்து வளைந்து போகும் மூன்று அடுக்கு மதில். கீழ் வரிசையில் சில கற்கள் நூறு டன்னுக்கு மேல். எடுக்க முடிந்த கல்லையெல்லாம் ஸ்பானியர் பெயர்த்துக் கொண்டுபோய் நகரத்தில் வீடும் தேவாலயமும் கட்டினார்கள், தூக்க முடியாதவை மட்டும் நிற்கின்றன. புல்வெளியில் இளைஞர்கள் 24ஆம் தேதி சூரியத் திருவிழாவுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை நாங்கள் இருக்கப்போவதில்லை.

ஜூன் 17, செவ்வாய்

இந்தப் பயணத்தில் நான் மறக்கவே போகாத நாள் இதுதான்.

பங்கு டாக்சியில் மராஸ் பிரிவில் இறங்கி, அங்கிருந்து உள்ளூர் டாக்சி பேசினோம். முதலில் மொராய். பூமியில் பெரிய கிண்ணம் தோண்டி, உள்ளே வட்டம் வட்டமாகப் படி வெட்டிய மாதிரி. ஒவ்வொரு படியிலும் சூடும் காற்றும் வேறு என்பதால் பயிர்களைப் பழக்கிப் பார்த்த இடம் என்று பலரும் கருதுகிறார்கள். அழகுதான். ஆனால் என் மனம் அடுத்த இடத்திலேயே இருந்தது.

வண்டி ஒரு வளைவில் திரும்பியது. கீழே மலைச்சரிவு முழுக்க வெள்ளை. தேன்கூட்டை வெட்டிச் சாய்த்து வைத்த மாதிரி ஆயிரக்கணக்கான உப்புப் பாத்திகள் படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தன. அண்ணன் கண்ணாடியை இறக்கினார். "வண்டிய நிறுத்தச் சொல்லு பாப்பா" என்றார். நிறுத்தினோம். அவர் ஒன்றும் பேசாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மலைக்குள்ளிருந்து ஒரு ஊற்று வருகிறது, குடிக்க முடியாத உப்பு. அரை முழ அகல வாய்க்காலில் அதை இறக்கி, பாத்திக்குப் பாத்தி சின்ன மடை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். மூன்று நாளுக்கொரு முறை நீர் விட்டு விட்டுக் காயவைத்தால், ஏறக்குறைய ஒரு மாதத்தில் பத்து சென்டிமீட்டர் உப்பு கட்டும். அதை அடித்து உடைத்து மூட்டையில் அள்ளுகிறார்கள். இன்காக்களுக்கும் முன்னாலிருந்து நடக்கும் தொழில். பாத்திகள் மராஸ், பிச்சிங்கோத்தோ ஊர்க் குடும்பங்களுக்குச் சொந்தம். சில வருஷங்களாகப் பயணிகளைப் பாத்தி நடுவே விடுவதில்லை, ஓரத்துப் பாதையிலிருந்துதான் பார்க்க வேண்டும். அது சரியான முடிவு. அத்தனை செருப்பு மிதித்த உப்பை யார் சாப்பிடுவது?

கடல் இல்லாத இடத்தில், மூவாயிரம் மீட்டருக்கு மேலே உப்பளம். எங்கள் ஊரில் எல்லாம் சமதரை. காயலிலிருந்து தண்ணீர் வரும், கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை, நிழலுக்கு ஒரு மரம் இருக்காது. இங்கே அதையே எடுத்துச் செங்குத்தாக நிறுத்திவிட்டார்கள்.

பாதையோரம் இருந்த ஒரு பாத்தியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மரப்பலகையால் உப்பை ஒதுக்கிக்கொண்டிருந்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். அண்ணன் கம்பி ஓரம் குந்தி உட்கார்ந்து அவர் கையையே பார்த்தார். பிறகு தன் இரண்டு கையாலும் காற்றில் ஒரு பலகையைப் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்துக் காட்டினார். அப்பா இழுத்தது போலவே. நாற்பது வருஷமாக நான் பார்க்காத அசைவு. அந்த மனிதர் வேலையை நிறுத்தினார். சிரிக்கவில்லை. அண்ணன் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். பிறகு பலகையைத் தன் பக்கம் இழுத்து இவர் செய்த மாதிரியே செய்து காட்டி, தலையை ஆட்டினார்.

எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் சொன்னேன்: "எங்க அப்பாவும் உப்பளத்துல வேலை செஞ்சவர். இந்தியா. கடல் உப்பு."

அவர் பூட்ஸைக் கழற்றிக் காலைக் காட்டினார். குதிகாலில் வெடிப்பு, விரலிடுக்கில் வெள்ளையாக வெந்த தோல். அண்ணன் தன் செருப்பைக் கழற்றிக் கணுக்காலுக்கு மேலிருந்த பழைய தழும்பைக் காட்டினார். உப்பு அரித்துப் புண்ணாகி ஆறிய இடம். பிறகு அந்த மனிதர் மேல் படலத்திலிருந்து, ரோஜா நிறம் தெரிந்த ஒரு கட்டியை எடுத்துக் கம்பிக்கு இப்பால் நீட்டினார். அண்ணன் நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். "கசப்புத் தண்ணி துளிகூட நிக்கல. சுத்தமா வடிச்சிருக்கான்" என்றார். அதை நான் மொழிபெயர்த்தபோதுதான் அந்த மனிதர் சிரித்தார்.

நாங்கள் கிளம்பும்போது ஓர் இளைஞன் மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு அந்தச் சரிவில் ஏறி வந்தான். அண்ணன் ஒதுங்கி வழிவிட்டு, அவன் கண்ணில் மறையும் வரை நின்றார். "நம்ம ஊருல அம்மாங்க கூடைய தலையில வச்சு வரப்புல ஓடுவாங்க. இங்க மலை ஏறணும்" என்றார். கடையில் ஒரு கிலோ உப்பு வாங்கினார், விலையைக் கேட்கவே இல்லை.

வெளியே வந்தால் டாக்சி இல்லை. போகவர முன்பணம் வாங்கியவர் போய்விட்டார். கோபம் வந்தது. நாலரை மணிக்கே காற்று ஊசி மாதிரி குத்த ஆரம்பித்துவிட்டது. நடக்கத் தொடங்கி அரை மணி நேரத்தில், பார்லிக் கதிர் ஏற்றிய ஒரு வண்டி நின்றது. முன்னால் அப்பா, அம்மா, மடியில் குழந்தை. பின்னால் கதிர்மேல் ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். அந்த அம்மா ஜன்னல் வழியே கையை நீட்டி, துணியில் கட்டிய அவித்த மொச்சை போன்ற பயற்றைக் கொடுத்தார். இன்னும் சூடாக இருந்தது. பெரிய சாலையில் இறக்கிவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். குழந்தை கையில் அண்ணன் ஒரு சாக்லேட் வைத்தார்.

ஜூன் 18, புதன்

குஸ்கோவில் இன்று சாமிகள் வரும் நாள். நாளை கார்பஸ் கிறிஸ்தி என்ற கத்தோலிக்கத் திருநாள். அதற்கு முன்தினம் ஒவ்வொரு பங்கு மாதா கோயிலிலிருந்தும் புனிதர்களையும் மாதாக்களையும் தோளில் தூக்கிக்கொண்டு நடுச் சதுக்கத்துக்கு வருகிறார்கள். மொத்தம் பதினைந்து உருவங்கள். மாசி மகத்துக்கு ஊர் ஊராக உற்சவர்கள் கடற்கரையில் வந்து சேர்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

தெருவோரத்தில் இடம் பிடித்து நின்றோம். பேண்டு வாத்தியம், வெடி, பூ. சான் செபஸ்தியான், சான் ஜெரோனிமோ இரண்டு பேரையும் ஊருக்கு வெளியிலிருந்து ஓட்டமாகவே தூக்கி வருவது வழக்கம். தூக்குபவர்கள் முகமெல்லாம் வேர்வை, தோளில் துணி மடிப்பு. நடுவில் ஒருவர் விலக, அடுத்தவர் அடி தவறாமல் உள்ளே நுழைந்து தோள் கொடுக்கிறார். "நம்ம சீர்பாதம் தாங்கிங்க மாதிரியேதான்" என்று அண்ணன் தன்னையறியாமல் வலது தோளைத் தடவிக்கொண்டார். அவரும் வருஷா வருஷம் அம்மனைத் தூக்குபவர்.

சான் கிறிஸ்தோபல் வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. குழந்தை இயேசுவைத் தோளில் வைத்திருக்கும் பெரிய உருவம். அவரைத் தூக்கிக்கொண்டு கீழே அத்தனை ஆட்கள்.

இந்தச் சதுக்கத்தில் முன்பு இன்காக்கள், இறந்துபோன தங்கள் அரசர்களின் பதப்படுத்திய உடல்களைத் திருநாளில் கொண்டுவந்து உட்கார வைத்து, உணவும் மதுவும் படைத்திருக்கிறார்கள். 1559இல் போலோ தே ஓந்தெகார்தோ என்ற ஸ்பானிய அதிகாரி அவற்றைத் தேடிப்பிடித்தார். சில உடல்கள் லிமாவுக்கு அனுப்பப்பட்டன, பிறகு அவை என்னவாயின என்று தெரியாது. இதே சதுக்கத்தில்தான் 1781 மே 18 அன்று, ஸ்பானியரை எதிர்த்துக் கிளர்ந்த இரண்டாம் துபாக் அமாருவைக் குடும்பத்தோடு கொன்றார்கள். அந்தக் கல் தரையில்தான் இன்று ஜனங்கள் தோள் மாற்றித் தோள் மாற்றி நடக்கிறார்கள்.

இரவில் வீட்டம்மா சொன்னார்: பதினைந்து பேரும் ஒரு வாரம் பேராலயத்துக்குள்ளேயே இருப்பார்களாம். கதவு சாத்திய பிறகு உள்ளே உட்கார்ந்து அவரவர் பங்கு ஜனங்களைப் பற்றிப் பேசிக்கொள்வார்களாம்.

ஜூன் 19, வியாழன்

காலையில் ஊர்வலம், நெரிசல். ஓர் ஆள் அண்ணன் காலை மிதித்துவிட்டு, கூட்டத்தில் பத்தடி போனவர் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

மதியம் சிரியூச்சு. கெச்சுவா மொழியில் 'குளிர்ந்த மிளகாய்' என்று பொருள். இந்தத் திருநாளின் சாப்பாடு, சூடாக்காமலே பரிமாறுவார்கள். ஒரு தட்டில் வறுத்த கினிப்பன்றி (எலி இனத்துச் சின்ன விலங்கு), கோழி, உப்புக்கண்டம், சாசேஜ், சீஸ், வறுத்த சோளம், மாவில் செய்த அடை, ரொகோத்தோ துண்டு, மேலே கடற்பாசியும் மீன் சினையும். கடற்கரையிலிருந்து இத்தனை மலை தாண்டிப் பாசியும் சினையும் வந்து சேராமல் இந்தத் தட்டு முழுமையாகாது. கடல், மலை, காடு மூன்றும் ஒரே தட்டில். நாற்பது சோல் கொடுத்து ஒரு தட்டைப் பங்கு போட்டுக்கொண்டோம். கினிப்பன்றியை நான் ஒரு வாய்தான் சாப்பிட்டேன், தோல் கடிபடவில்லை. அண்ணன் சினையை மட்டும் தனியே ஒதுக்கிக் கடைசியாகச் சாப்பிட்டார்.

ஜூன் 20, வெள்ளி

இன்று மலைமேல் இருக்கும் பழைய இன்கா நகரமான மாச்சு பிச்சு போக வேண்டிய நாள். ரயிலேறும் ஊரான ஒயாந்தாய்தம்போவுக்கு விடிகாலையில் வந்து சேர்ந்தபோது ஏஜென்டிடமிருந்து செய்தி: நுழைவுச் சீட்டு கிடைக்கவில்லை. பதினைந்து நாள் முன்பே முழுப் பணமும் வாங்கியிருந்தார். பாதிதான் திரும்பி வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அண்ணன் இனி எப்போது இவ்வளவு தூரம் வருவார்? அவர் என் தலையில் கை வைத்து, "வா, முதல்ல சூப்பு குடிப்போம்" என்றார். ஐந்து சோலுக்குக் கீன்வா என்ற தானியத்தின் சூப், சூடாக.

இந்த ஊரில் இன்காக்கள் போட்ட தெருக்களில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். தெருவோர வாய்க்காலில் இன்னும் தண்ணீர் ஓடுகிறது. மேலே மலையில் முடிக்காமல் விட்ட கோயில், இரண்டு ஆள் உயரத்துக்கு ஆறு இளஞ்சிவப்புக் கற்கள். அவற்றை வெட்டிய இடம் ஆற்றுக்கு அக்கரையில் எதிர்மலை. அங்கிருந்து சரித்து இறக்கி, ஆற்றைக் கடத்தி, மறுபடி மலையேற்றியிருக்கிறார்கள். வந்து சேராமல் வழியிலேயே நின்றுபோன கற்களும் உண்டு. ஊர்க்காரர்கள் அவற்றைக் 'களைத்த கற்கள்' என்கிறார்கள்.

மதியம் பாலத்தைத் தாண்டி அக்கரைப் பாதையில் நடந்தோம். வழியோரத்தில் அப்படி ஒரு கல், இடுப்பளவுக்கு மேல் உயரம், ஒரு பக்கம் செதுக்கியது, மறுபக்கம் கரடு. அண்ணன் உப்புப் பையை அதன்மேல் வைத்துவிட்டுத் தோளை உதறினார்.

"சுமைதாங்கி" என்றார்.

பாதையில் ஒரு பாட்டி வந்தார். முதுகில் வண்ணத் துணியில் கட்டிய புல்லுக்கட்டு, அவர் உயரத்தில் பாதி இருக்கும். எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, திரும்பி நின்று கட்டை அந்தக் கல்லின்மேல் சாய்த்து மூச்சு விட்டார். அண்ணன் தன் பையை ஓரமாக நகர்த்தி இடம் விட்டார்.